அசருக்குள் ஆறாத உலை

சிலிக்கன் தகட்டின் மேல் சிலிக்கன் கார்பைட் படலத்தை வளர்த்துவிடலாம். ஆற வைப்பதுதான் பெரும் பாடு. சூடு இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அவசரப்பட்டால் படலம் வெடித்துவிடும்.

அன்று உலை உச்சச் சூட்டில் இருந்தபோது தம்பி அழைத்தான்.

“காக்கா, வாப்பா மௌத்தாகிட்டாரு. அசர் தொழுகையோட அடக்கம். கெதியா வாங்க.”

எங்கள் ஊரில் மையித்தைக் காக்க வைப்பதில்லை. உலையை அப்படியே அணைத்துவிட்டு ஒலுவில் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து கல்முனை வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் பார்த்தால் படலம் முழுக்க வெடிப்பு. என் ஆய்வை மேற்பார்க்கும் கொழும்புப் பேராசிரியர் போனில் கேட்டார்: “அடக்கத்தை ஒரு நாள் பிந்தி வைத்திருக்கலாமே?”

வாய் வரை வந்த தூஷணத்தை விழுங்கினேன்.

இப்போதெல்லாம் உலையைச் சூடேற்றுமுன் வீட்டுக்கு அழைத்து, உம்மா மூச்சு வாங்காமல் கதைக்கிறாவா என்று கேட்டுக்கொள்கிறேன்.