பதுங்கு குழிக்கு அப்பா போட்ட கூரை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி நான் எழுதுவேன் என்று நினைத்து இந்த நினைவு மலரைப் பிரித்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். அப்பா ஓர் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தவர் அல்லர். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் கடைசி மாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கக் கூடாதாம். காய்கறிப் பையோடு படியேறும் அம்மா திட்டாத நாள் இல்லை.

காரைக்காலில் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குப் போனார். சுட்டதைவிட மண் வெட்டியதுதான் அதிகம் என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

2009இல் வன்னிப் போரின்போது, நானும் அப்பாவும் காய்கறி வாங்கப் போன கடையின் தொலைக்காட்சியில் பதுங்கு குழிகளைக் காட்டினார்கள். அப்பா கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டார்.

"மேல என்னங்க போட்டிருக்காங்க?"

"பனைமரத்தை வெட்டிப் பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண் மூட்டை, ஐயா," என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். "என்ரை அக்கா ஆக்களும் அப்பிடியொரு குழிக்குள்ளைதான் இருக்கினம்."

"மூங்கில் போடலையே? ஈர மண்ணு கனக்கும், சொல்லுங்க அவங்ககிட்ட!"

வீட்டுக்கு வரும் வழியிலேயே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். இந்தோசீனாவில் பதுங்கு குழிக்கு வேண்டிய மரம் வந்து சேரவில்லை. தச்சர் பிள்ளையாயிற்றே என்று அப்பாவைக் கூரை போடச் சொன்னார்கள். ஊரில் கொட்டகைக்குப் போடுவதுபோல மூங்கிலைப் பரப்பி, வயல் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டார். இரண்டு நாள் மழையில் கூரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவர் அவருடைய ஊர்த் தோழர். கையால் தோண்டியும் எட்டவில்லை. குண்டு பட்டு உடனே இறந்தார் என்று அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதியதும் அப்பாதான்.

அந்தத் தோழரின் தம்பிதான், புறநகர் பியர்ஃபித்தில் இருக்கும், நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடுபவர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா தவித்தார். ஆனால் சித்தப்பா வந்து உட்கார்ந்ததும் அப்பா ரொட்டி வாங்க ஓடிவிடுவார். கடைசி வாரத்தில், "நீயாவது சொல்லும்மா" என்றார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், இதுவரை எழுதியதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"உள்ளேருந்து அண்ணன் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாராம்."

"யாரை?"

"அப்பாவை."

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், தன் அக்கா குடும்பத்தை வன்னிப் போரில் பறிகொடுத்த பிறகும் அப்பாவின் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன கடைக்கார அண்ணைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி மூன்று மாதமும் தினமும் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டவர் சித்தப்பா. அவருக்கும் இங்கே நன்றி எழுதியிருந்தேன்; அதையும் அவருக்குப் படித்தேன்.

"அந்த நன்றியில என்னைப் போடாதம்மா," என்றார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அவர் சொன்னபடியே, அவருக்கான நன்றியை மட்டும் எடுத்துவிட்டேன்.