அண்ணன் வராத வீடு

என் கணவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. சொம்பைப் பிடிக்கும்போது அவை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையை வெட்டியவர் என் கூடப் பிறந்த அண்ணன். அந்த அண்ணனைப் பார்க்க முடியாமல்தான் நான் பல வருடங்கள் ஏங்கிக் கிடந்தேன். இதை வெளியே சொன்னால் என்னையும் ஒருமாதிரி பார்ப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா வீடு விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அப்பா இறந்துவிட்டார். அண்ணன் சின்ன லோடு வண்டி ஒன்றை ஓட்டினார். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மூட்டை, கரும்புக் கட்டு, கல்யாண வீட்டு நாற்காலி என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். திண்டிவனத்தைத் தாண்டி ஒலக்கூர் பக்கம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தனக்கு வந்த இடங்களை எல்லாம் "பாப்பாவுக்கு முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கு முடிந்த பிறகு அவருக்கு ஏனோ எதுவும் அமையவில்லை.

திண்டிவனம் மார்க்கெட்டுக்கு லோடு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டார். தெருமுனையிலேயே ஹாரனை அழுத்திக்கொண்டு வருவார். உள்ளே வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார்.

"இன்னா பாப்பா, கருவாட்டுக் கொழம்பா? அம்மாவ வுட நல்லா வெக்கிற நீ."

அவரும் என் கணவரும் வரப்பில் உட்கார்ந்து பச்சை மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே பேசுவார்கள். மச்சான், மாப்ள என்று அவர்கள் சிரிக்கும் சத்தம் அடுப்படிவரை கேட்கும்.

நோய் எப்போது ஆரம்பித்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு, வண்டிக்குப் பின்னாலேயே ஒரு பைக் வருகிறது என்றார். தான் பேசுவதை யாரோ கேட்கிறார்கள் என்று செல்போனைக் கழனியில் புதைத்தார். குளிப்பதை விட்டார். லோடுக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். காத்து கருப்பு என்றார் ஒருவர். ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். டாக்டரிடம் காட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இதற்கு எந்த டாக்டர் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

மல்லாட்டை பிடுங்கும் சமயம் அது. கழனிக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானும் என் கணவரும் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். மகள் கைக்குழந்தை, தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் நடந்தே வந்தார். வண்டியில்லை, காலில் செருப்பும் இல்லை. கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது.

"பாப்பா, அத குடிக்காத. துப்பு. துப்புன்றேன் இல்ல!"

"இன்னாண்ணா? இன்னா ஆச்சி?"

"இவன் உனக்கு மருந்து வெச்சிக்கினு இருக்கான். தெனம் கொஞ்சம் கொஞ்சமா வெக்கறான். எனக்குத் தகவல் வந்துக்கினே இருக்குது."

என் கணவர் எழுந்து, "மச்சான், மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று கையை நீட்டினார். நீட்டிய அந்தக் கையில்தான் வெட்டு விழுந்தது. நான் கத்தினேன். குழந்தை அலறியது. அண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா பாப்பா, வூட்டுக்குப் போலாம். இனிமே உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் மறக்கவே முடியவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றார்.

ஊர்க்காரர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து அடித்துக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். நான் கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிப்போனதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். கொலை முயற்சி என்று வழக்கு. "நடிக்கிறான், சொத்துத் தகராறா இருக்கும்" என்றார்கள் பாதிப்பேர். "பைத்தியத்த இனி வெளியவே வுடக் கூடாது" என்றார்கள் மீதிப்பேர். ஜெயிலில் அவர் சுவரோடு பேசிக்கொண்டு, சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து அங்கிருந்த டாக்டர் எழுதிக்கொடுக்க, கோர்ட்டு அவரைச் சென்னையில் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மனச்சிதைவு என்று அந்த நோய்க்கு ஒரு பெயர் இருப்பதே அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை கொடுத்தால் அடங்கும் என்றும் அங்கேதான் சொன்னார்கள்.

ஜட்ஜ் கேட்பது அண்ணனுக்குப் புரிகிற நிலைமை வந்த பிறகுதான் வழக்கு நடந்தது. என் கணவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். முன்பகை ஏதாவது உண்டா என்று வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவரே அவருதாங்க. அன்னிக்கி அவரு அவரா இல்லீங்க."

செய்வது இன்னதென்று தெரியாத நிலையில் செய்தார் என்று தீர்ப்பானது. அதன் பிறகும் சில காலம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மாவிடம் ஒப்படைத்தார்கள்.

சாட்சி சொன்ன அன்றைக்கே வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார்: "கோர்ட்டுல உள்ளத சொன்னேன். ஆனா அவரு நம்ம வாசல்ல வந்து நிக்கறத என்னால தாங்க முடியாது. பின்னால யாராச்சும் வந்து நின்னாலே எனக்கு ஒடம்பு தூக்கிப் போடுது." அதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு பொங்கல் சீரை அம்மா மட்டும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவாள். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. "அண்ணன்தான் கட்டிக் குடுத்தான்" என்பாள். அந்தப் பையின் முடிச்சை அவிழ்க்க எனக்கு மனசு வராது. ரோட்டில் எந்த லோடு வண்டி ஹாரன் அடித்தாலும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். அவர் இனி வண்டி ஓட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வருவேன்.

மகளுக்குக் காது குத்தும் வயது தாண்டிக்கொண்டே போனது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை உட்காரவைக்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அவளே அழுதாள். திண்டிவனத்தில் ஒரு நகைக்கடையில் நாற்காலியில் உட்காரவைத்து மெஷினால் குத்தினார்கள். "வலிக்கவே இல்லம்மா" என்று அவள் சிரித்தாள். நான் அழுததைப் பார்த்து, பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். பைக்கில் திரும்பும்போது, என் கணவர் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"மாத்திர வாங்க மாசாமாசம் விழுப்புரம் வர்றாராமே. நீ வேணா போயி பாத்துட்டு வா. என்ன கூப்புடாத."

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அம்மாவைத்தான் முதலில் கண்டுபிடித்தேன். பக்கத்தில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஊதி, முடி நரைத்து, கை லேசாக நடுங்கியது. "வா பாப்பா" என்ற குரலில்தான் அண்ணன் இருந்தார்.

"மாப்ள கை எப்படி இருக்குது?"

"வேலையெல்லாம் செய்றாருண்ணா. ரெண்டு வெரல் மட்டும் மடங்கல."

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குது பாப்பா. இல்லாம இருந்தா நல்லாருக்கும்."

"இப்ப அந்தத் தகவல்லாம் வருதாண்ணா?"

"இல்ல. ஒரே அமைதி. செல நேரம் அந்த அமைதியே பேஜாரா இருக்குது."

மாத்திரை வாங்கிக்கொண்டு பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். என் தட்டிலிருந்து இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் முதலில் தின்றார். சற்று நேரம் பொறுத்து, "துன்னு" என்றார். அது பழைய பயத்தின் மிச்சமா, என் அடுப்படியில் மூடி திறந்து பார்த்த அதே பாசமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் தட்டைக் காலி செய்தேன்.

அதிலிருந்து மாதாமாதம் போகிறேன். என் கணவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடுவார். அதற்குமேல் வரமாட்டார். ஒரே ஒரு தடவை, நான் வீடு திரும்பியதும், "நல்லாருக்காரா?" என்று கேட்டார். நல்லா இருக்கார் என்றேன்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட அண்ணனும் அம்மாவும் கூடவே வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும், மாத்திரை அசதியில் அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். திண்டிவனம் பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"எழுப்பும்மா, உன் வண்டி போவுது பாரு" என்றாள் அம்மா.

"போவட்டும்மா. அடுத்ததுல போறேன்" என்றேன்.

அடுத்த பஸ்ஸும் வந்து போனது. நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.