குப்பி சத்தம்

அப்பாஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சூளகிரியே வரிசையில் நிற்கும். நான் கடைசியில் நிற்பேன். அதுவும் யாராவது பிடித்துத் தள்ளினால்தான்.

பைபாஸ் ஓரம் திம்மப்பன் நடத்தும் கார் சர்வீஸ் ஷெட்டில் நாங்கள் இருவரும் மெக்கானிக்குகள். எனக்குப் பதினெட்டு வருஷ அனுபவம், அவனுக்கு எட்டு. அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்த எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஓசூர் வெங்காய வியாபாரி வீட்டுப் பிள்ளையான அவனுக்குக் கன்னடம், தெலுங்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கஸ்டமர் காரை விட்டு இறங்கும்போதே, "சார், ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பான். அவர்களும் என்னைத் தாண்டி அவனிடம் போவார்கள். கையெல்லாம் கிரீஸ் ஆவது நான், சிரித்துப் பெயர் வாங்குவது அவன். எனக்கு டீயில் சர்க்கரை அரை ஸ்பூன்தான் என்று ஞாபகம் வைத்திருந்து வாங்கி வருவான். அதற்கும் எனக்கு எரியும்.

"மாசக் கடைசியில உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர ஃபோர்மேன் ஆக்கறேன்" என்று திம்மப்பன் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வேலை எனக்கு வேண்டும். அப்பாஸுக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிட ஊருக்கே பஸ் ஏறிவிடலாம்.

அந்த வாரம்தான் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி சிவராஜின் கார் திரும்பி வந்தது. நான் சர்வீஸ் செய்து, புது பெல்ட் மாட்டி அனுப்பிய வண்டி. சர்வீஸுக்குப் பிறகு ஏதோ சத்தமாம். அவர் விலாவாரியாகச் சொன்னதை, வரவேற்பில் இருக்கும் அனிதா ஜாப் கார்டில் தமிழில் இரண்டே வார்த்தையாக எழுதியிருந்தாள்: 'குப்பி சத்தம்.'

எங்கள் பக்கம் குப்பி என்றால் பாட்டில். பாட்டில் உருளும் சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். எஞ்சின் அடியிலுள்ள கவரைக் கழற்றினேன், கதவுப் பலகைகளைப் பிரித்தேன், ஒரு முழு நாள் போயிற்று. கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் அகப்பட்டதே பார்க்கணும்! ஷெட் முழுக்கத் தூக்கிக் காட்டினேன். அப்பாஸ் சிரித்தான். வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சிவராஜ் மறுபடி வந்து நின்றார். "ஏனப்பா, பாட்டில் எடுத்துட்டா ஆச்சா? குப்பி இன்னும் கத்துதே!"

அப்பாஸ் எட்டிப் பார்த்தான். "சார், குப்பின்னா குருவியா? காத்தால ஸ்டார்ட் பண்றப்ப மட்டுமா?"

"ஹௌது! பெளிகே மட்டும்தான்."

கன்னடத்தில் சிட்டுக்குருவிக்குக் குப்பி என்றுதான் பெயராம். வாயால் சொன்னால் வேறு, தமிழில் எழுதினால் பாட்டிலுக்கும் குருவிக்கும் ஒரே எழுத்து. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், என் தலையெழுத்து! வண்டியை ஷெட்டிலேயே விட்டுப் போகச் சொன்னான் அப்பாஸ்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவர் மட்டும். சாவியைத் திருப்பியதும் கீச் கீச் என்று கத்தியது. எஞ்சின் சூடானதும் அடங்கிவிட்டது. எனக்குக் கேட்காமல் போனது அதனால்தான். அப்பாஸ் டார்ச் அடித்தான். புது பெல்ட் புல்லிச் சக்கரத்தின் மேல் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தது. மாட்டியவன் நான். அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அவனே கழற்றிச் சரியாக மாட்டினான். தொலைந்தோம், ஃபோர்மேன் வேலை போயிற்று என்று நின்றேன்.

திம்மப்பன் வந்ததும், "யார் தப்புப்பா?" என்றார்.

"யார் தப்பும் இல்லீங்க மொதலாளி. பெல்ட்டு டிபெக்ட் பீஸு, வேற மாத்திட்டேன். அண்ணன் கரெக்டாத்தான் போட்டிருந்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சும் அவனுக்கு, காதும் அவனுக்கு, கஸ்டமரும் அவனுக்கு. இப்போது பெரிய மனசும் அவனுக்கா? இவன் போடும் பிச்சையில் நான் ஃபோர்மேன் ஆகணுமா?

"பொய் சொல்றான்!" என்று கத்தினேன். "பெல்ட்ட மாத்தவே இல்ல. நாந்தேன் ஒரு வரி தள்ளி மாட்டிட்டேன். இவனுக்கு நல்லாத் தெரியும்."

திம்மப்பன் அவனை முறைத்தார். "எங்கிட்டயே பொய்யா? நாளைக்கு பிரேக் கோளாறையும் இப்படித்தான் மறைப்பியா?" பிறகு என் தோளில் கை வைத்தார். "தன் தப்பத் தானே சொல்றான் பாரு, இவன்தான் எனக்கு ஃபோர்மேன்."

அப்பாஸ் தலைகுனிந்து நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இனித்தது.

சாயங்காலம் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். "ஏங்ணா அப்படிப் பண்ணீங்க?"

"உண்மையத்தானடா சொன்னேன்?"

"உண்மைதாங்ணா. ஆனா என்ன மாட்டி உடத்தானே சொன்னீங்க?"

குழாயை மூடிவிட்டு நடந்தேன். மறுநாள் ஷெட் முழுக்க என்னை நேர்மையான மனுஷன் என்று கொண்டாடினார்கள். அப்பாஸ் ஸ்பானரோடு வந்து நின்று, "எந்த வண்டிய எடுக்கட்டும், சார்?" என்றான். எட்டு வருஷமாக அண்ணா என்று கூப்பிட்டவன்.