அடைத்துக் கிடப்பதாக நான் சொன்ன பள்ளிக்கூடம்

முதலில் வலது முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வற்றி, இடது கணுக்கால் வீங்கியது. என் மகள் ஸ்டெல்லா அப்போது ஐந்தாம் பாரம் (பள்ளியிறுதிக்கு முந்தைய வகுப்பு) படித்தாள். எங்கள் ஊரான கொல்லயிலிலிருந்து பாறசாலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடக்கிறவள். சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் தடவினோம். பிறகு காய்ச்சல் வந்தது. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியது.

நெய்யாற்றின்கரையில் டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டுகளில் இறங்கி, சிலருக்கு இருதயத்தையும் பிடிக்கும் காய்ச்சல்) என்றார். ஊசி, மாத்திரை, மூன்று மாதம் கட்டிலில் ஓய்வு. “மனசும் அலட்டப்படாது” என்று சொல்லி அனுப்பினார்.

எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. தமிழ் பேசும் எங்கள் பகுதியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் என் தையல் கடையும் அடைப்பு, பள்ளிக்கூடமும் அடைப்பு.

“யாருக்கும் கிளாஸ் இல்லியா அப்பா?”

“இல்ல மக்கா. எல்லா பிள்ளையளும் வீட்டுலதான்.”

அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது. கடைக்குப் போகும்போது பிள்ளைகள் போவதைக் கண்டேன். மாலையில் அவள் கேட்டதும், “இன்னும் பூட்டுதான்” என்றேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். அந்தப் பொய் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போலீஸ் நிற்கிறது என்றேன். அதற்கு மறுநாள் வாத்தியார்கள் வரவில்லை என்றேன்.

“மாநிலத்தப் பிரிச்சு முடிக்கிறது வர அடச்சு வச்சிருப்பியளோ?” என்று என் மனைவி அடுக்களையில் கேட்டாள். அவளும் மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கூடப் படிக்கும் பத்மா பார்க்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்ததுமே, “கணக்குப் பரீட்ச சுளுவாக்கும், பிள்ளே. நீ வந்திருந்தா நூறு வாங்கியிருப்ப” என்றாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். “அடச்ச பள்ளிக்கூடத்துல பரீட்ச வச்சாவளா அப்பா?”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் கஞ்சி இறங்கவில்லை. அழுகையில் அவள் கழுத்து நரம்பு துடித்தது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. எந்த இருதயம் பதறக் கூடாது என்று மறைத்தேனோ, அதுவே என்னால் அப்படி அடித்துக்கொண்டது.

காலையில் முதல் பஸ்ஸில் போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “படுக்கத்தானே சொன்னேன். படிக்கப்படாதுன்னு சொன்னேனா?” என்றார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி படுத்தபடி படிக்கலாம் என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

உங்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளை நோயில் விழுந்திருந்தால், அந்தக் கடிதத்தை முதல் வாரமே வாங்கிக் கொடுங்கள். வருஷம் முழுவதும் போய்விடுமோ என்ற பயத்தோடு நான் தலைமையாசிரியரின் அறை வாசலில் நின்றேன்.

“இத்தன நாள் எங்க இருந்தீரு?” என்றார். வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நான் மூணு நாளாக்கும் அடச்சேன். நீரு ஒரு மாசம் அடச்சிருக்கீரு. வெளிய கொடி பிடிக்கவன் தோத்தான் உம்மகிட்ட.”

வராத நாட்களைக் கடிதத்தின் பேரில் மன்னிக்கலாம், ஆண்டுப் பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். பாடக் குறிப்புகளைப் பத்மாவிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபம் உடனே தணியவில்லை. “இனி எனக்க காரியம் எதானாலும் எங்கிட்டதான் முதல்ல சொல்லணும்” என்றாள். சரி என்றேன். அன்று மாலையே தலையணையில் சாய்ந்து பத்மாவின் நோட்டைத் திறந்தாள். அரை மணி ஆனதும் நான் நோட்டை வாங்கி வைப்பேன். பல நாள் பிடித்து இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழிந்து வீக்கமும் காய்ச்சலும் விட்டன. இருதயத்தில் மர்மர் (வால்வு சரியாக மூடாததால் கேட்கும் கூடுதல் சத்தம்) லேசாக மிஞ்சியிருக்கிறது. கவனமாக இருந்தால் அதோடு வாழலாம் என்றார் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்துக்கு முதலில் அரை நாள் மட்டும் போனாள். ஆண்டுப் பரீட்சையை நடுவில் இரண்டு முறை தலை சாய்த்து எழுதினாள். கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறிக் கரையேறினாள். மற்றவற்றில் நல்ல மார்க். ஆறாம் பாரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அன்று நான் வெட்டிய சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்துவிட்டது.

இப்போதும் கடைக்குப் போகும் வழியில் அவளோடு நடக்கிறேன். முன்பு என்னைவிட இருபது அடி முன்னால் போவாள். இப்போது பள்ளிக்கூடம் கண்ணில் படும் இடத்தில் ஒரு மதகில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்து, நாடி நிதானத்துக்கு வரும்வரை எண்ணுகிறாள். பக்கத்தில் உட்காரும்போதுதான், காலையில் இவ்வளவு நேரம் இருப்பது எனக்குத் தெரிகிறது.

போன வாரம் அப்படி இருக்கையில் முதல் மணி அடித்தது. நான் பதறி எழுந்தேன்.

“இருங்கப்பா,” என்றாள், விரலை எடுக்காமல். “அது அடிக்கட்டு. எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.”

உட்கார்ந்தேன்.