மறுபயிற்சி அளிக்கப்பட்டது

மனாத்தி என்ற கடலோர ஊரில் உள்ள எங்கள் ஊசிமருந்து ஆலையில் என்ன தப்பு நடந்தாலும் அறிக்கையின் கடைசி வரி ஒன்றுதான்: ஊழியரின் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது. ஒருமுறை கூரையிலிருந்து பல்லி விழுந்ததற்கு இரண்டு பேருக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். பல்லியை விட்டுவிட்டார்கள்.

அந்த வரியை எழுத மறுத்த ஒரே ஆள் மிக்டாலியா ஒத்தேரோ. தர விசாரணைப் பிரிவில் பதினெட்டு வருடம். ஐந்தடிக்கும் குறைவான உயரம். குரல் மட்டும் ஏழடி. நான் பரிசோதனைக்கூடத்து ஆள், பக்கத்து மேசை. காலையில் காபியும் ரொட்டியுமாக உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய அறிக்கையைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பாள். எழுதியவர் எதிரிலேயே இருந்தாலும் சரி.

அந்த வருடம் குப்பிகளை நிரப்பி மூடும் மூன்றாம் லைனில் மருந்துக் குப்பிகளுக்குள் கருப்புத் துகள் வந்தது. ஆறு மாதத்தில் பதினோரு முறை. பதினோரு முறையும் லைனை ஓட்டும் எலியேசருக்கு மறுபயிற்சி. பன்னிரண்டாவது முறை தர மேலாளர் எஃப்ராயின் அந்த விசாரணைக் கோப்பை மிக்டாலியாவின் மேசையில் வைத்தார்.

“முப்பது நாள் கெடு. ஆளோட தப்புன்னு போட்டு முடிச்சிடு.”

“இதுல ரெண்டு தடவை எலியேசர் லீவுல இருந்திருக்கான். வீட்ல இருந்துக்கிட்டே கவனமில்லாம இருந்தானா?”

எஃப்ராயின் போய்விட்டார். அவள் வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள்.

“எப்ப வருது இது?” என்று எலியேசரைக் கேட்டாள்.

“கரண்ட் போய் வந்தா வரும், டோன்யா,” என்றான். எங்கள் ஊரில் ‘அம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

“ஏன்யா இதை யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா? வர்றவங்க எல்லாம் கையெழுத்து மட்டுந்தான் கேக்குறாங்க.”

அவன் சொன்னதையும் அவள் அப்படியே நம்பிவிடவில்லை. ஜெனரேட்டர் பார்க்கும் வில்ஃப்ரெதோவிடம் ஒரு நோட்டு இருந்தது. கரண்ட் போன நேரத்தை எழுதி, பக்கத்திலேயே அன்றன்றைக்குப் பொருத்தமான கெட்ட வார்த்தையையும் எழுதி வைத்திருந்தார். துகள் வந்த பன்னிரண்டு நாளும் அந்த நோட்டில் இருந்தன. ஆனால் அதே கரண்டில் ஓடிய இரண்டாம் லைனில் ஒரு துகள்கூட இல்லை. மூன்றாம் லைனைப் பிரித்துப் பார்த்தார்கள். ரப்பர் மூடிகள் வழுக்கி வரும் தடத்தில் ஓர் ஓரம் தேய்ந்து பிளேடு மாதிரி இருந்தது. கரண்ட் திரும்பும்போது இயந்திரம் வெடுக்கென்று கிளம்ப, மூடிகள் அதில் உரசிச் சிராய்ந்து கருப்புத் துகளாக உதிர்ந்தன. குப்பிகளில் தண்ணீரை நிரப்பி, வேண்டுமென்றே மூன்று முறை கரண்டை நிறுத்திப் பார்த்தாள். மூன்று முறையும் துகள் வந்தது.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நோட்டில், மூன்றாம் லைன் ஓடும்போது கரண்ட் போன நாள்கள் பதினான்கு. மீதி இரண்டு நாள் மருந்தும் சோதனையில் தேறி ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தது. அந்த பேட்சுகளிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரிக் குப்பிகளை நானும் அவளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நாற்பத்தோராவது குப்பியில் ஒரு கருப்புப் பொட்டு மிதந்தது. குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

எஃப்ராயின் கதவைச் சாத்தினார். சுவர் மெல்லியது என்பதால் எனக்கு எல்லாமே கேட்டது.

“உன்கிட்ட கேட்டது பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு மட்டும் பதில் எழுது.”

“அந்த ஊசியைப் போட்டுக்கிறவங்ககிட்ட போய், நீங்க பதிமூணாவது, கணக்குல வரலன்னு சொல்றீங்களா?”

“நம்ம எல்லாருக்கும் வேலை போகும்.”

“போனா பீச்சுக்குப் போவோம். இங்கேயிருந்து இருபது நிமிஷம்.”

பதினான்கையும் அறிக்கையில் எழுதிவிட்டாள். ஆலைத் தலைவர் ஒரு நாள் முழுக்க யோசித்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேட்சும் திரும்ப வந்தன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்ற தகவல் வந்த அன்று அவள் கழிவறைக்குப் போய்க் கண் சிவந்து திரும்பினாள். வெங்காயம் என்றாள். எங்கள் கழிவறையில் ஏது வெங்காயம்?

தடத்தை மாற்றினார்கள். கரண்ட் வந்ததும் இயந்திரம் தானாகக் கிளம்பாதபடி செய்தார்கள். அப்போதும் அவள் கோப்பை மூடவில்லை. இருபது முறை கரண்ட் போய் வந்து துகள் வராமல் இருந்தால்தான் மூடுவேன் என்றாள். எங்கள் ஊரில் அதற்கு அதிக நாள் ஆகவில்லை.

வருடக் கடைசியில் எஃப்ராயின் அவளை லேபிள் கிடங்குக்கு மாற்றினார். அங்கே போய் நிம்மதியாக இரு என்றாராம். மூன்றாம் நாள் எனக்கு போன் வந்தது.

“இங்க ரெண்டு மருந்தோட லேபிள் ஒரே அலமாரியில கலந்து கிடக்கு. எஃப்ராயின் எங்க?”

“சாப்பிடப் போயிருக்கார்.”

“சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் வர்றேன்.”