பீட்டர்ராஜ் கழற்றிய தெர்மோஸ்டாட்

பீட்டர்ராஜ் இறந்த முப்பதாம் நாள் பூசை ராயப்பன்பட்டிக் கோயிலில் முடிந்து, வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உமர் பாருக் ரோஸ்லினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னைக்குப் பேசக் கூடாதுதான். வண்டி விஷயம்."

உமர் பாருக்குக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டமும் ஏலக்காய்க் கடையும் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் வண்டன்மேட்டு எஸ்டேட் கொட்டகை ஒன்றிலிருந்து 1958ஆம் வருடத்து எம்.ஜி.ஏ. கார் ஒன்றை வாங்கி லாரியில் இறக்கிக் கொண்டுவந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதை ஓட வைத்தவர் ரோஸ்லினின் அப்பா பீட்டர்ராஜ். அவர் கடைசியாகக் கை வைத்த இன்ஜின் அது.

"குமுளி மலை ஏறுனா கொதிக்குது. மூணாவது வளைவு தாண்ட மாட்டேங்குது. உங்கப்பா கை வச்சும் கொதிக்குதுன்னா இன்ஜின் செத்துப்போச்சுன்னுதான் அர்த்தம். அவுக மேல குத்தமே இல்ல. கோயமுத்தூர்ப் பார்ட்டி திங்கக்கிழமை வந்து இதை இறக்கிட்டுப் புது இன்ஜின் வைக்கிறாக."

"பழசை என்ன செய்வாக?"

"எடைக்குத்தான் போடணும்."

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறுவரை வண்டியைத் தன்னிடம் விடும்படி ரோஸ்லின் கேட்டாள். அவள் சென்னையில் ஒரு கார் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இன்ஜினியர். இன்ஜினைச் சூடாக்கி, அது எப்போது உடைகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

பீட்டர்ராஜ் பதினாறு வயதில் தேனியில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்தவர். பிறகு கம்பத்தில், கூடலூர் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். அம்பாசிடர் மட்டும்தான் பார்ப்பார். அவர் பார்த்த டாக்சிகள் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எண்ணெய் குடித்ததில்லை. எம்.ஜி.ஏ.வின் பானெட்டை முதல் தடவை திறந்தபோது, "இது நம்ம அம்பாசிடர்தான், சட்டையை உள்ள விட்டு பெல்ட் போட்டிருக்கு" என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு இன்ஜினும் ஒரே குடும்பம். 1489 சி.சி., நான்கு சிலிண்டர், கிராங்குக்கு மூன்று பேரிங். எம்.ஜி.ஏ.வுக்கு மட்டும் கார்புரேட்டர் இரண்டு; அழுத்த விகிதம் கூடுதல். குதிரைத்திறன் எழுபத்திரண்டு.

சனிக்கிழமை காலை பட்டறையைத் திறந்துவிட்டவர் சீனிச்சாமி. பீட்டர்ராஜுடன் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர்.

"இதெல்லாம் ஒரு காரா ஆத்தா? குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கு. இதுக்குள்ள தலைய விட்டாகன்னா உங்கப்பா சோத்துக்குக்கூட எடுக்க மாட்டாக."

ரோஸ்லின் அளக்க ஆரம்பித்தாள். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் நூற்று ஐம்பது பவுண்டை ஒட்டி இருந்தது. ஒன்றுக்கொன்று நான்குக்கு மேல் வித்தியாசம் இல்லை. சூடான பிறகும் எண்ணெய் அழுத்தம் ஐம்பத்தைந்தில் நின்றது. வால்வுகளின் டாப்பெட் இடைவெளி எட்டும் ஒன்றுபோல் இருந்தன. ஹெட் கேஸ்கெட் கசியவில்லை. ரேடியேட்டர் சுத்தம். அவளுடைய சோதனைக்கூடத்தில் இப்படி ஒரு வேலையை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்ஜின் சாகவில்லை.

பிறகு வெப்பமானியை ஹோஸ்களின் மேல் காட்டினாள். ரேடியேட்டருக்குப் போகாமல் சிலிண்டர் ஹெட்டிலிருந்து நேராக வாட்டர் பம்புக்குத் திரும்பும் சின்ன பைபாஸ் ஹோஸ் கொதித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆறியதும் தெர்மோஸ்டாட் மூடியின் மூன்று நட்டையும் கழற்றினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"தெர்மோஸ்டாட் எங்கண்ணே?"

"அது எதுக்கு ஆத்தா? நம்ம வெயிலுக்கு எந்த வண்டியில அதை வச்சிருக்கோம்? வண்டி வந்ததும் அதைப் புடுங்கிப் போடுறதுதான முதல் வேலை."

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இதுதான் வழக்கம். தண்ணீர் போகும் வழியில் ஒரு வால்வு எதற்கு, எடுத்துவிட்டால் தாராளமாக ஓடும் என்பது கணக்கு. ஆனால் இந்த இன்ஜினின் பழைய தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் அது ரேடியேட்டருக்கு வழி திறக்கும். கூடவே அதன் வெளிப்பக்கத்து வளையம் நகர்ந்து பைபாஸை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அம்பாசிடர் மெதுவாக ஏறுகிற வண்டி, தாங்கிக்கொண்டது. இது தாங்கவில்லை.

பீட்டர்ராஜ் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. பரணில் ஒரு எண்ணெய் டின் நிறைய தெர்மோஸ்டாட்கள் கிடந்தன. எழுபத்தாறு. வளையம் வைத்த பழைய மாதிரி ஏழு தேறின. ரோஸ்லின் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"இனி அந்தச் சட்டியில பால் காய்ச்ச முடியுமா?" என்றாள் அம்மா மதலேனாள். பிறகு, "என்ன அது?" என்றாள்.

ரோஸ்லின் சொன்னாள்.

"அப்ப உங்கப்பா தப்பாச் செஞ்சாகங்கிறியா?"

"ஆமா."

"சாகுறதுக்கு முந்தின வாரம் அதைக் கேக்கத்தான உனக்குப் போன் போட்டாக?"

போட்டார். தண்ணீர் வேகமாக ஓடினால் இன்ஜின் கொதிக்குமா என்று கேட்டார். வேகமாக ஓடினால் நன்றாகத்தான் குளிரும் என்று அவள் சொன்னாள். பாடப் புத்தகத்துப் பதில். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மீட்டிங்குக்கு நேரமாகியிருந்தது.

"நானும் தப்பாத்தான் சொன்னேன்" என்றாள்.

மதலேனாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊருல போய் இதைச் சொல்லாத. ஹோஸ் மாத்துனேன்னு சொல்லு. அவுக கை தப்பாதுன்னு பேரு. அது ஒண்ணுதான் இருக்கு."

ஏழில் ஐந்து அசையவில்லை. ஒன்று திறந்தது, ஆனால் திரும்ப மூடவில்லை. ஒன்று மட்டும் எண்பது டிகிரியில் திறந்து, ஆறியதும் மூடியது. மூன்று தடவை சோதித்துவிட்டு அதை வண்டியில் மாட்டினாள்.

ஞாயிறு பதினொரு மணி வெயிலில் மலை ஏறினார்கள். உமர் பாருக் ஓட்ட, ரோஸ்லின் பக்கத்தில் இருந்தாள். மலையடியில் லோயர் கேம்ப் தாண்டும்போது வெப்ப மீட்டர் முள் நூற்று எண்பதில் இருந்தது. பழைய கார், ஃபாரன்ஹீட் மீட்டர்; தண்ணீர் கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டில். மூன்றாவது வளைவில் நூற்றுத் தொண்ணூறு. முன்னால் மாட்டுத்தீவன லாரி ஒன்று நகர மாட்டேன் என்று போனது. உமர் பாருக் அதன் பின்னாலேயே இரண்டாம் கியரில் உருட்டினார். நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கு மேல் ஏறவில்லை. குமுளிக்கு வந்து நிழலில் நிறுத்தினார்.

"பாத்தியா! அவுக கை தப்பாதுன்னு எனக்குத் தெரியும். நாந்தான் அவசரப்பட்டேன். நீ என்னம்மா செஞ்ச? ஹோஸ் கீஸ் மாத்துனியா?"

ஆமாம் என்று சொல்லலாம். அவர் மேலே கேட்கப் போவதில்லை. இரவு அவளுக்குச் சென்னை பஸ். அடுத்த சர்வீஸுக்கு இந்த வண்டி இங்குள்ள ஏதோ ஒரு பட்டறைக்குத்தான் போகும்.

"தெர்மோஸ்டாட் போட்டேன் பாய். அதை எடுத்தது அப்பாதான். அதாலதான் கொதிச்சது."

"சேச்சே. அப்படிச் சொல்லாதம்மா."

"போன்ல என்கிட்ட கேட்டாக. நானும் கவனிக்காம பதில் சொல்லிட்டேன். ரெண்டு பேர் தப்பும் இருக்கு."

"சரி, நமக்குள்ள இருக்கட்டும். நான் யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லணும் பாய். சொல்லாட்டி அடுத்து கை வைக்கிறவரு முதல் வேலையா அதைப் புடுங்கிருவாரு. பீட்டர்ராஜே புடுங்குனதுதானம்பாரு. அப்புறம் இன்ஜின் நிசமாவே போயிரும்."

உமர் பாருக் போனை எடுத்துக் கோயம்புத்தூருக்குப் பேசினார்.

"நாளைக்கு வர வேணாம்பா. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு... இல்ல, இல்ல." ரோஸ்லினைப் பார்க்காமல் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மெக்கானிக் செஞ்ச தப்பு."

ரோஸ்லின் இறங்கிப் போய்ப் பானெட்டைத் திறந்து, மூடியைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை.