சீரமும் டோனும் படித்த டாக்டர்

மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் நின்றிருந்த அந்தப் பாதரசத் தெர்மாமீட்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டருக்கு நோய் என்றால் காய்ச்சல்தான். பாதரசம் ஏறினால் லீவுச் சீட்டு. ஏறாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். சீட்டில்லாமல் ஒரு வாரம் வராதவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். கொழுந்து பறிக்கிற பெண்கள் லேசுப்பட்டவர்களா? வாசலிலேயே சுடுதண்ணீரை வாயில் அடக்கி வைத்திருந்துவிட்டு உள்ளே வருவார்கள். மனிதர் ஒவ்வொரு முறையும் ஏமாந்து சீட்டு எழுதிக் கொடுப்பார்.

படிப்பு மட்டும் ஏராளம். தபாலில் வரும் மருத்துவப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு எங்களுக்குப் பாடம் எடுப்பார். ஒருநாள் செரட்டோனின் என்ற பொருளைப் பற்றி. “சீரம்னா ரத்தம் உறைஞ்ச பிறகு தெளிஞ்சு நிக்கிற தண்ணி. டோன்னா இறுக்கம். ரத்தக் குழாயை இறுக்கற பொருள் ஒண்ணு சீரத்துல இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பேரு வெச்சுட்டாங்க. பிற்பாடு பார்த்தா அது மூளையிலயும் இருக்குதும்மா! மனசு சோர்ந்து போறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குங்கறாங்க.” என்ன பெருமை அந்த முகத்தில்!

அந்த நேரத்தில்தான் கொழுந்து பறிக்கிற ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் விட்டுப்போனவள். கைக்குழந்தை செத்து இரண்டு மாதம். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, கொழுந்தைக் கிள்ளக் கை எழவில்லை. “மேட்டுப்பாளையத்துல எங்கம்மா ஊட்டுல ஒரு பத்து நாள் கெடந்துட்டு வந்தர்றேனுங்க சாமி” என்றாள். அவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். “காய்ச்சல் இல்ல. போயி வேலையப் பாரு.”

“ஏனுங்கய்யா, இப்பத்தானுங்களே மனசு சோர்ந்து போறதப் பத்திச் சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“அதெல்லாம் படிச்சவங்களுக்கு வர்ற சீக்கும்மா. இவளுக்கு எதுக்கு?”

எதிர்த்துக் கேட்டிருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வேலை போய்விடுமே என்ற பயம். அவளை வெளியே கூட்டிப்போய்ச் சுடுதண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. “எம்புள்ள செத்தது நெசந்தானுங்களே அக்கா. அதுக்கு எதுக்குங்க பொய்க் காய்ச்சல்?” என்று சொல்லிவிட்டு பஸ்ஸேறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து வந்தபோது அவள் வீட்டில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. டிரங்குப் பெட்டியோடு ரோட்டோரம் நின்றாள். டாக்டரின் ஜீப் அவளைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது.

பல வருஷம் கழித்து, ஊட்டியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவரை மகள் கூட்டிவந்தாள். மனைவி தவறி இரண்டு மாதமாம். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. “உள்ள என்னமோ முடியலம்மா” என்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மனநல டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதி மகளிடம் கொடுத்தேன். அது என் கடமை. பிறகு, தேவையே இல்லாமல், தெர்மாமீட்டரை எடுத்து அவர் நாக்கடியில் வைத்தேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தேன்.

“காய்ச்சல் இல்லீங்க, டாக்டர்.”

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.